தேடி முடிக்கலை

ஜனவரி 12

பாசமுள்ள தங்கச்சிக்கு அண்ணன் எழுதுறது.

இங்க நானும் உங்க அண்ணியும் நல்லா இருக்கோம். நல்லா இருக்கோம்னா, ஏணியில ஏறுனா எனக்கு முட்டி கடகடங்குது, அவளுக்கு வலது காது மொத்தமா படுத்துடுச்சு, இடது காது பாதி. அதைத் தவிர நல்லா இருக்கோம். நீ வேளைக்குச் சாப்பிடுறியா? இளைச்சியா, சதை போட்டியான்னு எழுது.

என்னடா இவன், கையில போனை வச்சுக்கிட்டு கடிதாசி எழுதுறானேன்னு சிரிப்ப. சிரி. போன ஞாயித்துக்கிழமை நாம போன்ல பேசினோமே, அப்ப உங்க அண்ணி என் வாயையே பார்த்துக்கிட்டு உக்கார்ந்திருந்தா. நான் சிரிச்சது உன் பக்கத்து வீட்டுப் பூனையை நினைச்சு. அவளுக்கோ, அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து தன்னைப் பத்தித்தான் சிரிக்கிறாங்கன்னு தோணிப் போச்சு. போனைப் பிடுங்கித் தையல் மெஷின் டிராயருக்குள்ள போட்டு மூடிட்டா. "இந்த வீட்டுல எனக்குக் கேக்காத பேச்சு இனிமே கிடையாது. பேசணும்னா எழுதுங்க. வர்றதையும் படிப்பேன், போறதையும் படிப்பேன்"னுட்டா. இப்பவும் என் தோளுக்கு மேல தலையை நீட்டிக்கிட்டுத்தான் நிக்கிறா. நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கினது மழைக்குத்தான்னு உனக்குத் தெரியும். எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்க.

விஷயத்துக்கு வர்றேன். காது டாக்டர் பார்த்துட்டு, உள்ள ஒரு கருவி வச்சா கேக்கும்னு சொன்னார். பெரிய ஆஸ்பத்திரியில காசு வாங்காம பண்றாங்களாம். ஆனா கொஞ்ச பேருக்குத்தான் இடம். பேரு கொடுத்து நம்பர் வாங்கியாச்சு. பிப்ரவரி ஒண்ணாம் தேதி லிஸ்ட்டு. பேரு இருந்தா மார்ச் முடியறதுக்குள்ள போய்க் கையெழுத்துப் போடணும், போடலைன்னா அந்த இடம் அடுத்த ஆளுக்கு. லிஸ்ட்டுல தேடுற கம்ப்யூட்டரே உங்க ஆபீஸ்லதான் இருக்குதுன்னு தெரிஞ்சதுல இருந்து தெருவுல எனக்கு ஒரே மரியாதை. டீக்கடைக்காரர் நாற்காலியைத் துடைச்சுப் போடுறார். நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், என் தங்கச்சி அதுல கை வைக்க மாட்டான்னு. வைக்காதே. வரிசைன்னா வரிசை.

வரிசைன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. போன மாசம் ஒருத்தர், முக்குல இருந்து மூணாவது வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கச் சொன்னார். எந்த முக்குன்னு சொல்லலை, நானும் கேக்கலை. முன் சுவரு முழுக்க நீலம் அடிச்சு முடிச்சுட்டுக் கீழ இறங்குறேன், வெளியூர் போயிருந்த வீட்டுக்காரம்மா பெட்டியோட வந்து நிக்கிறாங்க. "யாருய்யா அடிச்சது?" "நான்தாம்மா." சுவத்தை ஒரு சுத்து பார்த்தாங்க. "பின்பக்கம் யார் அடிப்பா?"ன்னாங்க. அதையும் அடிச்சுக் கொடுத்துட்டு வந்தேன். இந்தக் கதைக்கும் லிஸ்ட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கை சும்மா இருக்க மாட்டேங்குது.

உடம்பைப் பார்த்துக்க.
உன் அண்ணன்

ஜனவரி 24

அன்பு அண்ணனுக்கும், தோளுக்கு மேல எட்டிப் பார்க்கிற அண்ணிக்கும்,

நான் இளைக்கவும் இல்லை, சதை போடவும் இல்லை. கண்ணுதான் எரியுது. முட்டிக்கு எண்ணெய் தேய்ச்சியா? அண்ணி, போனை டிராயர்ல வச்சது ரொம்ப சரி. இவன் பேச ஆரம்பிச்சா எனக்குத்தான் காது போகும்.

எங்க வேலை என்னன்னு டீக்கடையில நீ தப்பா சொல்லிடக் கூடாதுன்னு எழுதுறேன். பேரு எல்லாத்தையும் ஒரே மெஷின்ல வைக்கலை, எட்டு மெஷின்ல பிரிச்சு வச்சிருக்கோம். ஒருத்தர் நம்பரைத் தட்டினா, எட்டுக்கிட்டயும் ஒரே நேரத்துல 'உன்கிட்ட இருக்கா'ன்னு கேள்வி போகும். எட்டும் வாயைத் திறந்தாத்தான் தேடி முடிஞ்சதுன்னு அர்த்தம். கூட்டம் ஏறினா ஒண்ணு ரெண்டு மூச்சு வாங்கும். அதுக்காக ஊரையே நிக்க வைக்க முடியுமா? அதனால ஒரு கெடு வச்சிருக்கோம். கெடு தாண்டினா, அதுவரைக்கும் வந்த பதிலோட நிறுத்திக்கும்.

இன்னொண்ணு. பதில் வரலையேன்னு தட்டிக்கிட்டே இருக்காதே. நீ விட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டாலும், மெஷின் உள்ள உட்கார்ந்து நீ முதல்ல கேட்டதைத் தேடிக்கிட்டேதான் இருக்கும். பத்து தடவை தட்டினா பத்து பேர் வந்த மாதிரி.

எங்க அதிகாரிக்கு நாங்க வச்ச பேரு 'நூத்துக்கு நூறு'. சுவத்துல ஒரு பெரிய ஸ்கிரீன் மாட்டியிருக்கார். இவ்வளவு பேர் கேட்டாங்க, நூத்துக்கு இத்தனை பேருக்குப் பதில் போச்சுன்னு ஓடிக்கிட்டே இருக்கும். தொண்ணூத்தெட்டு ஆனா மனுஷனுக்கு மதியச் சாப்பாடு இறங்காது.

சொந்தக்காரங்க நம்பரை நாங்க தேடிப் பார்த்தா வேலை போயிடும். அதனால ஒண்ணாம் தேதி நீயே பார்த்துட்டு உடனே எழுது.

அன்புடன்,
உன் தங்கச்சி

பிப்ரவரி 5

அண்ணே,

நல்லா இருக்கியா? அண்ணி நல்லா இருக்காங்களா? உன் கடிதாசிக்குக் காத்திருந்து பார்த்துட்டு, நேத்து போன் பண்ணேன். எடுத்து, "கடிதாசில எழுதும்மா"ன்னு சொல்லி வச்சுட்ட. பின்னாடி தையல் மெஷின் சத்தம் நின்னது மட்டும் கேட்டுச்சு. சரி, எழுதுறேன்.

ஒண்ணாம் தேதி காலையில ஆபீஸ் திறக்கும்போதே கூட்டம் அலை அலையா வந்துச்சு. எட்டு மெஷின்ல மூணு திணறிடுச்சு. சுவத்து ஸ்கிரீன்ல மட்டும் நூத்துக்கு நூறு. மூணு மெஷின் பேச்சு மூச்சில்லாம கிடக்கும்போது எப்படி எல்லாருக்கும் பதில் போகும்?

நான் வாடகைக்கு இருக்கிற வீட்டுக்காரம்மா நம்பரை வாங்கிட்டு வந்திருந்தேன். அவங்களுக்குப் போன லிஸ்ட்டுலயே இடம் கிடைச்சாச்சு, அந்த லிஸ்ட்டும் இதே மெஷின்லதான் இருக்கு, அதனால பேரு உள்ள இருக்குன்னு எனக்கு நிச்சயமா தெரியும். தட்டினேன். கெடு தாண்டுச்சு. 'உங்கள் பெயர் பட்டியலில் இல்லை'ன்னு வந்துச்சு.

அண்ணே, மெஷின் பொய் சொல்லலை. 'நான் தேடி முடிக்கலை'ன்னு பதிலோட ஒரு குறிப்பு சேர்த்துத்தான் அனுப்புது. அந்தக் குறிப்பை ஜனங்க பார்க்கிற ஸ்கிரீன்ல காட்ட வேண்டாம்னு எங்க அதிகாரி எப்பவோ எடுத்துவிடச் சொல்லியிருக்கார். முடிக்கலைன்னு காட்டினா நூறு குறையுமே. இல்லைன்னு சொன்னா அதுவும் ஒரு பதில்தானே. எத்தனை பேர் அதைப் படிச்சுட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போயிருப்பாங்க!

நேரா போய்க் கேட்டேன். "இது சின்ன விஷயம்மா"ன்னார். "இல்லைங்குறதும், தெரியலைங்குறதும் உங்க வீட்டுல ஒண்ணா சார்?"னு கேட்டுட்டேன். கோபத்துல எழுந்தார். கழுத்துல போட்டிருந்த அடையாள அட்டைக் கயிறு நாற்காலிக் கைப்பிடியில மாட்டியிருந்தது தெரியலை. நாற்காலியையும் இழுத்துக்கிட்டே வாசல் வரைக்கும் போனார். யாரும் சிரிக்கலை. அவர் போனதும் சிரிச்சோம்.

நீ அண்ணி நம்பரைப் பார்த்தியா? என்ன வந்துச்சு? இல்லைன்னு வந்திருந்தா நம்பாதே.

உன் தங்கச்சி

பிப்ரவரி 16

பாசமுள்ள தங்கச்சிக்கு,

இங்க எல்லாரும் சொகம். இந்த மாசம் உன்கிட்டயிருந்து கடிதாசியே வரலை. நீ எழுதியிருந்தா தபால்ல எங்கேயோ விழுந்திருக்கும். ஒண்ணும் கவலைப்படாதே. லிஸ்ட்டும் இன்னும் போடலை போல. அவங்க போடுறப்ப போடட்டும். உங்க அண்ணிகிட்டயும் அதைத்தான் சொல்லியிருக்கேன். பக்கத்துலதான் இருக்கா. இதைப் படிச்சுட்டுத்தான் ஒட்டுவா.

இப்ப ஒரு வக்கீல் வீட்டுல வேலை. ஆளு நல்ல மாதிரி, ஆனா கலர் விஷயத்துல பேய். வெள்ளை வேணும், ஆனா வெள்ளையா இருக்கக் கூடாதாம். பதினோரு டப்பா கலந்து காட்டினேன். கடைசியில அவர் வீட்டு நாயைக் கொண்டாந்து சுவத்துக்குப் பக்கத்துல நிறுத்தி, "இதோ, இந்தக் கழுத்துல இருக்கே, இந்த வெள்ளை"ன்னார். நாய் நிக்குமா? நான் நாயைப் பிடிக்க, அவர் கலரைப் பார்க்க, அவர் சம்சாரம் வந்து எங்க ரெண்டு பேரையும் பார்க்க, ஒரே கூத்து. நாயோட கழுத்துல இப்பவும் கொஞ்சம் பெயிண்ட் இருக்கு.

ராத்திரி சரியா தூக்கம் இல்லை. முட்டிதான். வேற ஒண்ணும் இல்லை.

நீ உன் வேலையைப் பார். நாற்காலியைக் கழுத்துல மாட்டிக்கிட்டு அலையற ஆளுகிட்டப் போய் வாயைக் கொடுத்து வம்பை விலைக்கு வாங்காதே. சில விஷயம் இல்லைன்னா இல்லைதான். மனசைத் தேத்திக்கணும்.

உன் அண்ணன்

பிப்ரவரி 24

அண்ணிக்கு,

இந்தத் தடவை உறை மேல உங்க பேரைத்தான் போட்டிருக்கேன். உங்க கையில தவிர வேற யார் கையிலயும் கொடுக்க வேண்டாம்னும் எழுதியிருக்கேன். உடம்பு எப்படி இருக்கு? இடது காது இன்னும் கொஞ்சம் கேக்குதா?

நான் இந்த மாசம் அஞ்சாம் தேதி ஒரு கடிதாசி போட்டேன். வரவே இல்லைன்னு அண்ணன் எழுதியிருக்கான். ஆனா அந்த நாற்காலிக் கதையை நான் அந்தக் கடிதாசியில மட்டும்தான் எழுதினேன்.

லிஸ்ட்டு ஒண்ணாம் தேதியே வந்தாச்சு அண்ணி. அவன் பார்த்திருக்கான். அவனுக்கு என்ன வந்துச்சுன்னு அவன் தூங்காததுல இருந்தே தெரியுது. நான் சொல்றது ஒண்ணுதான். அந்த 'இல்லை'யை நம்ப வேண்டாம். கூட்ட நேரத்துல எங்க மெஷின் தேடி முடிக்காமலே இல்லைன்னு காட்டுது. உங்க பேரு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எனக்கும் தெரியாது.

இன்னொண்ணும் நடந்துச்சு. சொல்றதுக்குக் கூசுது. நேத்து நூத்துக்கு நூறு என்னைத் தனியா கூப்பிட்டு, டீ வரவழைச்சார். "உங்க அண்ணி நம்பரைக் கொடும்மா. லிஸ்ட்டுல இருக்கிற மாதிரி நான் பார்த்துக்கறேன். ஸ்கிரீன்ல என்ன எழுதியிருக்குங்குறதை நீ விட்டுடு"ன்னார். நான் டீயைக் குடிக்கலை. ஆனா எழுந்தும் வரலை அண்ணி. கொஞ்ச நேரம் உக்கார்ந்தே இருந்தேன். காது உங்களோடது. நானா முடிவு பண்றதுக்கு எனக்கு என்ன உரிமை இருக்கு? நீங்க சொல்லுங்க.

உங்க நாத்தனார்

மார்ச் 3

என் அருமை நாத்தனாருக்கு அண்ணி எழுதிக்கிறது.

நான் நல்லா இருக்கேன். உங்க அண்ணன்தான் நல்லா இல்லை, ஏன்னா நான் நேத்துல இருந்து அவர்கிட்டப் பேசலை. பேசினா தெரு முழுக்கக் கேக்கும், எனக்கு மெதுவா திட்டத் தெரியாது.

நாற்காலிக் கதையை அவர் எழுதும்போதே பார்த்துட்டேன். வராத கடிதாசியில இருந்து எப்படி நாற்காலி வந்துச்சுன்னு யோசிச்சேன். கேக்கலை. மனுஷன் எவ்வளவு தூரம்தான் போறார்னு பார்ப்போம்னு ஒட்டிக் கொடுத்தேன். உன் கடிதாசி வந்ததும் அவர் முன்னாடி நீட்டினேன். பிரஷ்ஷைக் கையில வச்சுக்கிட்டு, மாட்டிக்கிட்ட திருடன் மாதிரி நிக்கிறார். ஒண்ணாம் தேதியே பார்த்தாராம். இல்லைன்னு வந்துச்சாம். நான் உடைஞ்சு போயிடுவேன்னு மறைச்சாராம். நான் என்ன கண்ணாடி டம்ளரா? "உங்களுக்கு அழுகை வந்தா என்கிட்ட வந்து அழுங்க, எனக்கும் சேர்த்து நீங்களே அழாதீங்க"ன்னேன். அதுக்குத்தான் அழுதார்.

இப்ப உன் கேள்விக்கு வர்றேன். டீ வரவழைச்சு நீட்டுற காது எனக்கு வேண்டாம். அந்த ஆளு என் பேரை உள்ள தள்ளினா வேற ஒரு பேரு வெளிய விழும். அந்தப் பேருக்கு உரியவ, 'இல்லை'ன்னு படிச்சுட்டுத் தலையைக் குனிஞ்சு போவா. எனக்குக் காது வந்த அன்னையில இருந்து அவ நடந்து போற சத்தம்தான் கேக்கும். என் நம்பரை அவன்கிட்ட நீ கொடுத்தா, எனக்கு நாத்தனாரே இல்லை.

எனக்கு ஒண்ணுதான் வேணும். முழுசா தேடிட்டுச் சொல்லணும். இருக்குன்னா இருக்கு. இல்லைன்னா இல்லை. பாதி தேடிட்டு முழு பதில் சொல்றதுக்கு அவன் யாரு?

இன்னைக்குப் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். என் முன்னாடியே நாலு பேருக்கு இல்லை, இல்லைன்னு வந்துச்சு. எழுந்து போகப் பார்த்தாங்க. நான் கதவை மறிச்சு நின்னுக்கிட்டு, "யாரும் போகாதீங்க, அது தேடவே இல்லை!"ன்னு சொன்னேன். மெதுவாத்தான் சொன்னேன்னு நினைச்சேன். கடைக்காரர் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டார். ஒரு வேன் டிரைவர், தன் அம்மாவுக்காக வந்தவர், "உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"னார். "அதைப் பார்த்துக்கறவ என் நாத்தனார். அவ எழுத்தை மாத்துவா"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

அதனால மாத்து.

உன் அண்ணி

மார்ச் 11

அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

ரெண்டு பேரும் பேசிக்கிறீங்களா? நான் நல்லா இருக்கேன்.

மாத்திட்டேன்.

முதல்ல மெஷின் பக்கம். தாங்குற அளவுக்குத்தான் ஆளை உள்ள விடுறேன். மிச்சப் பேருக்கு, 'கொஞ்சம் பொறுங்க, உங்களுக்கு முன்னாடி ஆள் இருக்கு'ன்னு வரும். ஒருத்தர் விட்டுட்டுப் போயிட்டா, அவருக்காக உள்ள ஓடிக்கிட்டிருக்கிற தேடலை அந்த இடத்துலயே நிறுத்துறேன். சும்மா யாருக்காகவோ ஓடிக்கிட்டு இருந்ததெல்லாம் நின்னதும், மூணு மெஷினும் எழுந்து உக்கார்ந்துடுச்சு. எங்க அதிகாரிக்கு இது புரியலை, விட்டுட்டார்.

அப்புறம் எழுத்து. ஸ்கிரீன் வேலை பார்க்கிற பொண்ணு, "அக்கா, என்ன வார்த்தை போடட்டும்?"னு கேட்டா. நான் சொல்லச் சொல்லப் போட்டா. 'தேடி முடிக்கலை. இல்லைன்னு அர்த்தம் இல்லை. மறுபடி கேளுங்க.' முழுசா தேடின பிறகும் பேரு இல்லைன்னா, 'எட்டு மெஷின்லயும் தேடியாச்சு, இந்தப் பேரு இல்லை.' எழுத்துத் தமிழ்ல போடலாமான்னு கேட்டா. வேண்டாம், எங்க அண்ணனுக்குப் புரியற மாதிரி போடுன்னேன்.

சுவத்துல நூறு, எண்பத்தி நாலு ஆச்சு. அவர் வந்து நின்னு பார்த்தார். "யார் செஞ்சது?" நான் எழுந்து, "நான்தான் சார். இன்னைக்குத்தான் இந்தச் சுவரு முதல் தடவையா உண்மை பேசுது"ன்னேன். மாத்தி வைன்னார். மாட்டேன்னேன்.

எனக்கு இப்ப கொஞ்ச நாள் லீவு. சாயங்காலம் நிறைய நடக்கிறேன். வீட்டுக்காரம்மா துணி காயப்போட உதவி பண்றேன். மேசையில இருந்த என் டம்ளர், சீப்பு எல்லாத்தையும் வீட்டுக்கு எடுத்துட்டு வந்து கழுவி வச்சுட்டேன். நல்ல ஓய்வு.

சீக்கிரம் போய்ப் பாருங்க. எழுத்து எத்தனை நாள் நிக்கும்னு தெரியலை.

உங்க தங்கச்சி

மார்ச் 20

பாசமுள்ள தங்கச்சிக்கு,

நாங்க பேசிக்கிறோம். அதாவது அவ பேசுறா. உடம்புக்கு ஒண்ணும் இல்லை. லீவுன்னா யாராவது டம்ளரையும் சீப்பையும் தூக்கிட்டு வருவாங்களான்னு உங்க அண்ணி கேக்கச் சொல்றா. நான் கேக்கலை, அவதான் கேக்குறா.

உன் கடிதாசி வந்த அன்னைக்கே கிளம்பிட்டோம். வக்கீல் வீட்டு வேலையைப் பாதியில போட்டுட்டு வந்தேன். நாயும் என்கூடவே தெரு முனை வரைக்கும் வந்துச்சு, அது ஒரு தனிக் கதை, அப்புறம் சொல்றேன். பிரவுசிங் சென்டர்ல நிக்க இடம் இல்லை. போன தடவை உங்க அண்ணி கதவை மறிச்சப்ப நின்னவங்கள்ல பாதிப் பேர் அன்னைக்கும் வந்திருந்தாங்க. கடைக்காரர் இவளைப் பார்த்ததுமே பஞ்சை எடுத்துக் காதுல வச்சுக்கிட்டார்.

வேன் டிரைவர் முதல்ல தட்டினார். கொஞ்சம் பொறுங்கன்னு வந்துச்சு. பொறுத்தோம். அப்புறம், தேடி முடிக்கலைன்னு வந்துச்சு. உங்க அண்ணி அதைச் சத்தம் போட்டுப் படிச்சா, ஏதோ மேடையில மைக் பிடிச்ச மாதிரி. "இல்லைன்னு அர்த்தம் இல்லை!" கூட்டமே திருப்பிச் சொல்லுச்சு. யாரோ கை தட்டினாங்க. தங்கச்சி, தேடி முடிக்கலைங்குறதுக்கு எந்த ஊர்ல கை தட்டுவாங்க? நான் பார்த்தேன். மறுபடி தட்டினார். இருக்கு! அவர் அம்மா பேரு இருக்கு! முன்னாடி மூணு தடவை இல்லைன்னு சொன்ன அதே பேரு. அந்த மனுஷன் ஸ்கிரீனைக் கையால தொட்டுப் பார்த்தார், ஈரமா இருக்கான்னு சுவத்தைத் தொட்டுப் பார்ப்போமே, அந்த மாதிரி.

அப்புறம் நாங்க.

எட்டு மெஷின்லயும் தேடியாச்சு, இந்தப் பேரு இல்லை.

நான் திரும்பத் தட்டச் சொன்னேன். அதேதான். இன்னொரு தடவைன்னேன். கடைக்காரரே, "ஐயா, முழுசா தேடிருச்சு"ன்னார். நான் வெளிய வந்து படியில உக்கார்ந்துட்டேன். எனக்கு அந்த டீ ஞாபகம் வந்துச்சு, தப்பா நினைக்காதே. நம்பரைக் கொடுத்திருந்தா இந்நேரம் ஆஸ்பத்திரியில இருந்திருப்பாளேன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு.

உங்க அண்ணி வந்து என் முன்னாடி நின்னா. "என்ன, மறுபடியும் எனக்குப் பதிலா அழுறீங்களா?"ன்னா. "இதுவரைக்கும் சொன்னதெல்லாம் சால்ஜாப்பு. இன்னைக்குத்தான் என் மூஞ்சியைப் பார்த்து இல்லைன்னு சொல்லியிருக்காங்க. எழுந்திரிங்க, உள்ள இன்னும் ஆளு இருக்கு, படிக்கத் தெரியாதவங்க ரெண்டு பேரு இருக்காங்க"ன்னுட்டு மறுபடி உள்ள போயிட்டா. கடை மூடுற வரைக்கும் ஒவ்வொருத்தருக்கும் படிச்சுச் சொன்னா. நான் தண்ணி வாங்கிக் கொடுத்துக்கிட்டே நின்னேன்.

உன் அண்ணன்

ஏப்ரல் 2

அண்ணி,

எப்படி இருக்கீங்க? உங்க கேள்விக்கு இப்ப நேரா பதில் சொல்றேன். அது லீவு இல்லை. வெளிய நிறுத்திட்டாங்க. உங்களுக்கே ஆயிரம் இருக்கும்போது இதை வேற எதுக்குன்னு எழுதலை. எழுதாம விட்டதும் மறைச்சதுதான். அண்ணனுக்குத் தங்கச்சிதானே நான்.

நீங்க பார்த்துட்டு வந்த மறுநாளே பழைய எழுத்தையே திருப்பிப் போட்டுட்டாங்க. பத்து நாள் கூட நிக்கலை. ஆனா அதுக்குள்ள ஜனங்க அந்த வார்த்தையைப் பார்த்துட்டாங்க இல்லையா? இல்லைன்னு வந்தா யாரும் நம்பலை. நேரா ஆபீஸ் கவுன்டர்ல வந்து நின்னு, "தேடி முடிச்சீங்களா, முடிக்கலையா?"ன்னு கேட்டாங்களாம். எல்லாரும் ஒரே கேள்வி. வேற எதுவும் கேக்கலை, நகரவும் இல்லை. வேன்ல வேற ஆட்களைக் கொண்டாந்து கொண்டாந்து ஒருத்தர் இறக்கிவிட்டுட்டு இருந்தாராம். யாருன்னு உங்களுக்கே தெரியும். மூணாவது நாள் மேலிடத்துல இருந்து ஆள் வந்து, எழுத்தை மறுபடி மாத்தச் சொன்னாங்க. கையெழுத்துப் போடற கெடுவையும் ஏப்ரல் முடியற வரைக்கும் தள்ளி வச்சிருக்காங்க.

என்னை உள்ள கூப்பிட்டுக்கிட்டாங்க. என் பழைய இடத்துக்கு இல்லை, பழைய மெஷின் போட்டு வச்சிருக்கிற கீழ் ரூமுக்கு. ஜன்னல் இல்லை. வார்த்தை மேல நிக்குது, நான் கீழ உக்கார்ந்திருக்கேன். பரவாயில்லை. நூத்துக்கு நூறு படியில என்னைப் பார்த்தா சுவரு பக்கம் திரும்பிக்கிறார்.

ஆனா அண்ணி, ராத்திரி படுத்தா ஒண்ணு மட்டும் வந்து நிக்குது. எத்தனையோ பேருக்கு இருக்குன்னு வந்துச்சு. உங்களுக்கு வரலை. நான் அந்த டீயைக் குடிச்சிருந்தா உங்களுக்குக் கேட்டிருக்கும்.

உங்க நாத்தனார்

ஏப்ரல் 10

நாத்தனாருக்கு அண்ணி எழுதிக்கிறது.

நான் நல்லா இருக்கேன், தையல் ஓடுது. உங்க அண்ணன் வக்கீல் வீட்டை முடிச்சுட்டார். நாய் இவரை விட்டு நகர மாட்டேன்னு நின்னதால அவங்களே அதை இவர்கிட்ட விட்டுட்டாங்க. அது குலைக்கிறது எனக்குக் கேக்காது, அதனால எனக்கும் அதுக்கும் ஒத்துப் போகுது.

ஜன்னல் இல்லாத ரூம்ல உக்கார்ந்து நீ என்னை நினைச்சு அழுதா, அங்க வந்து உதைப்பேன். டீயைக் குடிச்சிருந்தா கேட்டிருக்குமாம்! என்ன கேட்டிருக்கும்? நீ அவனுக்குத் தலையாட்டுற சத்தமா? வேண்டாம்டி. உங்க அண்ணனும் இல்லைன்னு சொல்ல பயந்து மறைச்சார், அந்த ஆளும் முடிக்கலைன்னு சொல்ல பயந்து மறைச்சான், அப்புறம் நீயும் சீப்பைக் கழுவி வச்சேன்னு எழுதுற. என்னை யாரும் பொத்திப் பொத்தி வைக்க வேண்டாம். நான் ஒரு செவிடி, அவ்வளவுதான். பயந்தாங்கொள்ளி இல்லை.

வேன் டிரைவரோட அம்மா ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி என்னைப் பார்க்க வந்தாங்க. ரெண்டு பேருக்கும் கேக்காது. ரெண்டு பேரும் கத்திக் கத்திப் பேசி, தெருவே கூடிப் போச்சு. சண்டைன்னு நினைச்சு விலக்கி விட ரெண்டு பேர் வந்தாங்க. கேக்க ஆரம்பிச்சதும் முதல்ல என் சத்தத்தைத்தான் கேக்கணும்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. அவங்க தலையெழுத்து.

அடுத்த லிஸ்ட்டு ஆகஸ்ட்டுலன்னு சொல்றாங்க. பேரு கொடுத்து நம்பர் வாங்கிட்டேன். கூட்டம் இருக்கும், உன் மெஷினுக்கு மூச்சு வாங்கும், பொறுக்கச் சொன்னா பொறுக்கறேன், மறுபடி கேக்கச் சொன்னா மறுபடி கேக்கறேன். எட்டும் தேடி முடிச்சு, அப்பவும் இல்லைன்னா, இல்லைன்னே சொல்லச் சொல்லு. அதைக் கேட்டுக்கறதுக்கு எனக்கு இந்த அரைக் காது போதும்.

வேளைக்குச் சாப்பிடு.
உன் அண்ணி